மலைக்குடில் பயணத்துக்கு எக்செல் போடும் நேரக் கணக்கு

எக்செல் என்றதும் பலருக்குக் கடைக் கணக்கும் மார்க் லிஸ்ட்டும்தான் நினைவுக்கு வரும். நான் அதை ஒரு மலையேற்றத்துக்குப் பயன்படுத்தினேன். மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலை, உயரம் 4,095 மீட்டர். நடைபாதை 1,866 மீட்டரில் டிம்போஹோன் கேட்டில் தொடங்குகிறது. 6 கிலோமீட்டர் ஏறினால் 3,272 மீட்டரில் பனாலாபான் குடில்கள். அங்கே முன்பதிவு செய்த படுக்கையில் கொஞ்சம் தூங்கி, அதிகாலை 2:30 வாக்கில் சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும். வழியில் 3,668 மீட்டரில் சாயாட் சாயாட் சோதனைச் சாவடி. அதை 5 மணிக்குள் கடக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முழங்கால் வலியுள்ள நண்பர் ஒருவரும் எங்களுடன் வருவதாக இருந்தார். அவரால் முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892ல் ஒரு விதி சொன்னார். 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம்; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இதை எக்செல்லுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ இடம், பி ஏற்றம், சி தூரம், டி நேரம், இ கிளம்புவது, எஃப் சேர்வது. இரண்டாம் வரிசையில் பனாலாபான், 1406, 6. மூன்றாவதில் சாயாட் சாயாட், 396, 1. எச்1 செல்லில் இப்போதைக்கு 1 என்று டைப் செய்யுங்கள்.

டி2 செல்லில் சமக்குறி போட்டு, அடைப்புக்குறிக்குள் சி2-ஐ 5ஆலும் பி2-ஐ 600ஆலும் வகுத்துக் கூட்டி, அடைப்பை மூடி எச்1ஆல் பெருக்குங்கள். செல் பெயர்களை டைப் செய்ய வேண்டாம். மவுஸால் கிளிக் செய்தாலே எழுதிக்கொள்ளும். எச்1-ஐக் கிளிக் செய்த கையோடு எஃப்4 கீயைத் தட்டுங்கள். டாலர் குறிகள் சேரும். ஃபார்முலாவைக் கீழே இழுத்தாலும் எச்1 நகராது. என்டர் தட்டினால் 3.54 மணி. டி2-ன் வலது கீழ் மூலைச் சதுரத்தைப் பிடித்து ஒரு செல் கீழே இழுங்கள்: 0.86.

இ2-ல் 9:00, இ3-ல் 2:30. சேரும் நேரத்துக்கு நான் எஃப்2-ல் இ2-ஐயும் டி2-ஐயும் அப்படியே கூட்டினேன். 22:02 என்று வந்தது! காலை ஒன்பதுக்குக் கிளம்பி மூன்றரை மணி நேரம் நடந்தால் இரவு பத்தா? பயந்தே போனேன். தவறு என்னுடையதுதான். எக்செல்லுக்கு ஒரு முழு நாள்தான் 1. ஒரு மணி என்பது 24ல் ஒரு பங்கு. (9:00 உள்ள செல்லின் ஃபார்மட்டை ஜெனரல் என்று மாற்றிப் பாருங்கள், 0.375 என்று காட்டும்.) எனவே டி2-ஐ 24ஆல் வகுத்துக் கூட்டுங்கள். 12:32 வரும். இதையும் கீழே இழுத்துவிடுங்கள்.

ஆனால் நைஸ்மித் கணக்கு நிற்காமல் நடக்கும் திடகாத்திரமானவருக்கு. மூச்சு வாங்குவதோ, உயரத்தில் காற்று மெலிவதோ அதில் இல்லை. அதற்குத்தான் எச்1. பக்கத்துக் குன்று ஒன்றில் ஏறிப் பார்த்து, உண்மையில் ஆன நேரத்தை விதி சொன்ன நேரத்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். எனக்கு 1.6; குடிலுக்கு 14:40, சாவடிக்கு 3:52. நண்பருக்கு 2.5. எச்1-ல் அதைப் போட்டதும் 17:51, 4:39 என்று மாறின.

ஜி3-ல் 5:00 டைப் செய்து, எச்3-ல் அதிலிருந்து எஃப்3-ஐக் கழியுங்கள். மிச்சம் 0:21. ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் போய்விடும். அதனால் இ2-ஐ 8:00 என்றும் இ3-ஐ 2:00 என்றும் மாற்றினேன். மிச்சம் 0:51 ஆனது.

பழைய நேரங்களை வைத்துக்கொண்டு எச்1-ல் 3 போட்டுப் பாருங்கள். எச்3 முழுக்க வேலிக் குறிகளாக நிற்கும். செல் அகலம் போதாவிட்டாலும் இப்படித்தான் வரும். ஆனால் இங்கே எவ்வளவு அகலப்படுத்தினாலும் போகாது, எக்செல்லுக்கு மைனஸ் நேரம் காட்டத் தெரியாது. மலையில் அதற்கு அர்த்தம், சாவடியில் இருந்து திரும்பி இறங்குவது.