பத்துமலையைக் குடைந்தவர் யார்?

நங்கநல்லூர்

அன்புள்ள தம்பிக்கு,

கோலாலம்பூர்ப் பத்துமலைக் குகையைக் குடைந்த அரசன் யார் என்று கேட்டிருந்தாய். சோழர் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். சொல்பவர்களுக்கு வரி கிடையாது, சொல்லட்டும்! மாமல்லபுரத்தில் பழகிய கண் எந்தக் குகையைக் கண்டாலும் உளியைத் தேடுகிறது. பத்துமலையைக் குடைந்தது மழை.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒரு கிளிஞ்சல் பொறுக்கி, அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழி. பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அதே சாற்றை நம் பரங்கிமலைக் கல்லில் விடு, கல் அசையாது. அது சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருந்த இதே வகைக் கல்லை ஆராய்ந்து, ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் எழுதினார். அந்தக் கல்லறைக்காரர் பெயரே கல்லுக்கும் நிலைத்தது.

பத்துமலையோ கிளிஞ்சலின் இனம்; நாற்பது கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. வடக்கே இபோவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் குன்றுகளும் சுண்ணாம்புக்கல்லே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளித்து, விரிசலில் இறங்கிக் கல்லை அரிக்கிறது. கூரையிலிருந்து சொட்டும்போது வாயு பிரிய, சுண்ணாம்பு மறுபடி கல்லாகி விழுதாகத் தொங்குகிறது.

இனி என் பழைய கட்சி. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை இன்று தர்காவாக இருக்கிறது. அந்தக் கல்லைக் குடைய அரசனும் கஜானாவும் வேண்டியிருந்தது. மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன சனங்களுக்கு இரண்டும் ஏது? அங்கே குகை தயாராகக் காத்திருந்தது. தெமுவான் பழங்குடியினர் தங்கிய இடம். சீனர்கள் உரத்துக்கு வௌவால் எச்சம் அள்ளிய இடம். குகைவாய் வேல்போலத் தெரிந்தது என்று தம்புசாமிப் பிள்ளை என்பவர் 1891-இல் முருகனை வைத்தார், மறுவருஷமே தைப்பூசம். குறிஞ்சிக் கடவுளை மலையுச்சியில் கும்பிட்டவர்கள் மலையின் வயிற்றுக்குள் கும்பிடத் தொடங்கினார்கள். சுண்ணாம்புக்கல் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பேன். யார் மறுத்தாலும் விடமாட்டேன்.

கோலாலம்பூர் போனால், 2006-இல் நிறுவிய 42.7 மீட்டர் முருகன் சிலையடியில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதே. 272 படி ஏறினேன் என்று பெருமையும் எழுதாதே. உள்ளே போய் அண்ணாந்து பார். கூரை எங்கே திறந்திருக்கிறது, விழுது எங்கே ஈரமாக இருக்கிறது என்று படம் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பூகோள வாத்தியார்