ஊரால் அறியப்பட்டவள்: மகதலா மரியா

ஒருவரின் பெயரைக் கெடுக்க ஒரு நாள் போதும். அதை மீட்க எவ்வளவு காலம் ஆகும்? மகதலா மரியாவுக்கு 1378 ஆண்டுகள் ஆயின.

திரைப்படங்களின் வழி மரியாவை அறிந்தவர்களுக்கு அவர் ஒரு விலைமகள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். லூக்கா நற்செய்தியின் 7, 8 ஆகிய இரு அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. ஏழாம் அதிகாரத்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கும் பாவியான பெண்ணுக்குப் பெயரே இல்லை. மரியா எட்டாம் அதிகாரத்தில்தான் அறிமுகமாகிறார். ஏழு பேய்கள் நீங்கி நலம் பெற்ற அவர், யோவன்னா, சூசன்னா முதலியோருடன் சேர்ந்து தம் சொந்த உடைமையைக் கொண்டு இயேசுவின் குழுவுக்கு உதவினார். விலைமகள் என்ற குறிப்பு நான்கு நற்செய்திகளில் எங்குமே இல்லை.

அப்படியானால் அந்தப் பழி எங்கிருந்து வந்தது? 591ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரையில் அப்பாவிப் பெண், பெத்தானியா மரியா, மகதலா மரியா ஆகிய மூவரையும் ஒருவராக்கினார். மேற்குத் திருச்சபை அதனை ஏற்றது; கிழக்குத் திருச்சபையோ மூவரையும் தனித்தனியாகவே போற்றி வந்தது. 1969இல் கத்தோலிக்க வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோதுதான் மேற்கில் இக்குழப்பம் நீங்கியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 22ஆம் நாள் நினைவைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தினார்.

இனி, அவரது ஊருக்கு வருவோம். கலிலேயக் கடலின் மேற்குக் கரையில், திபேரியாவுக்கு வடக்கே இருந்த யூத ஊர் மகதலா. 'மிக்தால்' என்றால் கோபுரம். யூதர்களின் தல்மூது நூல் குறிப்பிடும் 'மிக்தால் நூனையா', அதாவது மீன்கோபுரம், இவ்வூரே என்பர். கிரேக்கத்தில் இதன் பெயர் தரிகேயா என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் இடம் என்பது அதன் பொருள். 2009இல் இங்கு நடந்த அகழாய்வில் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. அதனுள் ஏழு கிளை விளக்கு செதுக்கப்பட்ட கல்லும் கிடைத்தது. எருசலேம் ஆலயம் இடிக்கப்படாமல் நின்ற காலத்துக் கல் அது. 2021இல் இரண்டாவது தொழுகைக்கூடமும் கண்டறியப்பட்டது.

கி.பி. 67இல் உரோமைப் படை தரிகேயாவைக் கைப்பற்றியது. தோற்றவர்கள் படகுகளில் ஏறித் தப்ப முயன்றனர். ஏரியிலேயே போர் மூண்டது. 6,700 பேர் மாண்டதாகவும், 30,400 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாகவும் யோசேபு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

நற்செய்திகளில் மரியா என்ற பெயருடையோர் பலர். ஒருவர் யாக்கோபின் தாய்; இன்னொருவர் குலோப்பாவின் மனைவி. மகனாலோ கணவனாலோ அவர்கள் அடையாளம் பெறுகின்றனர். இவர் மட்டும் ஊரால் அடையாளம் பெறுகிறார். இங்கே தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இவர் 'மகதலேனா மரியாள்'. 'மகதலேனா' என்பது மகதலா ஊரைச் சேர்ந்தவள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. அதைப் படிப்பவருக்கு ஊர் தெரிவதில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'மகதலா மரியா' என எழுதி, ஊரைத் திருப்பித் தந்தது.

சிலுவையருகே நின்றவரும், யோவான் நற்செய்தியின்படி உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவரும் இவரே. அன்று அவர் சொன்னதைச் சீடர்கள் உடனே நம்பவில்லை. பின்வந்தோரோ அவர் செய்யாததை நம்பினர். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் முன் மூலநூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். நாம் எழுதும் ஒரு வரியிலும் யாரோ ஒருவரின் பெயர் இருக்கிறது.