பாட்டியின் மொழி

தில்லியின் கரோல் பாகில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மைய அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் பணியேற்று வந்தோர், இங்கு வாடகை அறைகளில் தங்கினர். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு இந்தியும் கற்றனர். வீட்டினுள் தமிழே வழங்கியது. அவர்களுள் சிலர் இங்கேயே முதுமை எய்தினர்.

முதியோர் சிலரை மறதிநோய் பற்றுகிறது. டிமென்ஷியா எனப்படும் இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தார். சாவியை வைத்த இடத்தை மறத்தல் எவர்க்கும் நேர்வது. சாவி எதற்கு என்பதையே மறத்தல் நோய். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் இவ்வாறு துன்புறுவதாக மதிப்பிட்டது.

இந்நோயில் அண்மை நிகழ்ச்சிகள் முதலில் மறக்கின்றன; இளமை நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. மொழியிலும் பலர்க்கு இவ்வாறே நிகழ்கிறது. பின்னாளில் கற்ற மொழி நழுவிவிட, தாய்மொழி எஞ்சுகிறது. நாற்பது ஆண்டுகள் இந்தி பேசிய பாட்டி, பணிப்பெண்ணிடம் தமிழில் தண்ணீர் கேட்கிறார். அவருக்கு விளங்கவில்லை. பாட்டி சினந்து குரல் உயர்த்துகிறார். வீட்டார் அதைப் பிடிவாதம் என்கின்றனர். உண்மையில் அது தாகம்! தமிழறிந்த பேரனோ பேத்தியோ அருகில் இருந்தால் அது நொடியில் தீரும்.

"ஊருக்குப் போகணும்" என்று பாட்டி மாலைதோறும் எழுந்து நிற்கலாம். "இதுதான் நம் வீடு" என்று வாதிட்டால் கலக்கமே மிகும். "ஊரில் உங்கள் வீட்டு வாசலில் என்ன மரம், பாட்டி?" என்று கேட்டால் அவர் அமர்ந்து பேசத் தொடங்கக்கூடும்.

வீட்டார் மட்டும் காத்தால் போதாது. அஜ்மல் கான் சாலையின் நெரிசலில் வழி தவறிய முதியவரை முதலில் காண்பவர் தேநீர்க் கடைக்காரரோ, துணி தேய்ப்பவரோதான். அவர்க்கு முன்பே செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குடும்பங்கள் பல வெட்கத்தால் இதனை மறைக்கின்றன. முதியவரின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் இந்தியில் எழுதிய சீட்டு ஒன்று இருப்பது நன்று.

ஜப்பானியர் இவ்வெட்கத்தைச் சொல்லிலிருந்தே நீக்க முயன்றனர். அறிவின்மை எனப் பொருள்பட்ட பழைய பெயரை 2004இல் மாற்றினர். மறுஆண்டே பொதுமக்களுக்குப் பயிற்சி தொடங்கினர். கடைக்காரரும் வங்கிப் பணியாளரும் மட்டுமன்றிப் பள்ளி மாணவரும் அதனைப் பெற்றனர். பயின்றோர் ஆரஞ்சு நிற வளையம் அணிந்தனர்.

இந்தியாவில் அல்சைமர் நோய்க்கான சங்கம் 1992இல் கேரளத்தில் தோன்றியது. தில்லியிலும் அதற்குக் கிளை உண்டு. முதியோர் உதவிக்கென 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உள்ளது.

பயிற்சி

1. பாட்டியின் சினத்திற்குக் காரணம் யாது?
2. வீட்டு முதியவர் ஒருவரிடம் அவர்தம் சிறுவயது ஊரைப் பற்றித் தமிழில் கேட்டு, அவர் சொன்ன ஐந்து சொற்களை எழுதுக.