தாய்லாந்துப் பங்கும் டாலர் கணக்கும்



செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் 'வளரும் சந்தைகள்' என்று அடிக்கடி வரும். காய்கறிச் சந்தை இல்லீங்க! பணக்கார நாடுகளின் வரிசைக்கு இன்னும் வராத, ஆனால் வெளிநாட்டார் பங்கு வாங்க வழிவிட்ட நாடுகளின் பங்குச்சந்தைகளுக்குத்தான் அந்தப் பெயர். பிரேசில், தாய்லாந்து, சீனா எல்லாம் இதில் வரும். நம் நாடும்தான். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு இந்தியா 1992 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்தவர் ஆன்ட்வான் வான் அக்ட்மேல். 1981-ல் நியூயார்க்கில் முதலீட்டாளர்களைக் கூட்டி, 'மூன்றாம் உலகப் பங்கு நிதி' என்று ஒரு திட்டத்தை விளக்கினார். யோசனை நல்லா இருக்கு, இந்தப் பெயரில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் யோசித்து வைத்த பெயர்தான் 'வளரும் சந்தைகள்'. நாடுகள் அதேதான், பெயர்தான் மாறிச்சு!

சரி, நியூயார்க்கில் இருப்பவர் பாங்காக்கில் எப்படிப் பங்கு வாங்குவார்? அந்த நாட்டு அனுமதி வேண்டும், பங்குகளைப் பாதுகாக்க அங்கே ஒரு வங்கி வேண்டும், கம்பெனிக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமா? அதனால் பலருடைய பணத்தை ஒன்றாகத் திரட்டி, அதற்கென்றே இருக்கும் நிதி மேலாளரிடம் கொடுக்கிறார்கள். 1987-ல் டெம்பிள்டன் நிறுவனம் மார்க் மோபியஸ் என்பவரை வைத்து 10 கோடி டாலரில் இப்படி ஒரு நிதியைத் தொடங்கியது. அவர் நாடு நாடாகப் போய், தொழிற்சாலைகளை நேரில் பார்த்துப் பங்கு வாங்குவதில் பேர் பெற்றவர். பெரிய பணக்காரர்கள் மட்டும் இதில் பணம் போடுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் இத்தகைய நாடுகளில் முதலீடு செய்கிறது. அதாவது ஒரு டீச்சரின் முதுமைக்கால வருமானம் இதில் இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். 1997 நடுப்பகுதி வரை ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட். தாய்லாந்து அரசு அந்த மதிப்பைப் பிடித்து வைத்திருந்தது. அதை நம்பிக் கம்பெனிகள் டாலரில் கடன் வாங்கிக் குவித்தன. டாலர் கையிருப்பு கரைந்ததும், 1997 ஜூலை 2 அன்று அரசு பிடியை விட்டது. 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 50 பாட்டுக்கும் மேல் போச்சு.

மேலாளர் 100 பாட்டுக்கு ஒரு நல்ல பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அது 4 டாலர். பங்கு விலை ஒரு பைசாகூட இறங்கவில்லை, அதே 100 பாட். ஆனால் 50 பாட் கணக்கில் அது 2 டாலர்தான்! கம்பெனியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் பாதிப் பணம் காணோம். நிஜத்தில் பங்கு விலைகளும் சேர்ந்தே சரிந்தன. நிபுணர் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம், நாணயத்தின் மதிப்பு அவர் கையில் இல்லை.

வாசல் மூடிக்கொள்வதும் உண்டு. 1998 செப்டம்பர் 1 அன்று மலேசியா, வெளிநாட்டார் பங்கு விற்ற பணத்தை 12 மாதம் வெளியே எடுக்கக்கூடாது என்றது. (1999 பிப்ரவரியில் இதைத் தளர்த்தி வரியாக மாற்றினார்கள்.) 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யப் பங்குகளை வெளிநாட்டார் விற்க முடியாமல் போனது. பல நிதிகள் அவற்றின் மதிப்பைப் பூஜ்யம் என்றே எழுதிவிட்டன.

இங்கேதான் நிதியின் வகை முக்கியம். 1987-ல் வந்த அந்த டெம்பிள்டன் நிதி மூடிய வகை. பணம் வேண்டுமென்றால் மேலாளரிடம் கேட்க முடியாது. நம் பங்கை நியூயார்க் சந்தையில் வேறொருவரிடம்தான் விற்கணும், சில சமயம் அடிமாட்டு விலைக்கு. திறந்த வகையில் கேட்டால் பணம் கிடைக்கும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் கேட்டால், மேலாளர் சட்டென விலைபோகும் நல்ல பங்குகளை முதலில் விற்பார். பொறுமையாக இருந்தவருக்கு விலைபோகாத சரக்கு மிஞ்சும். எனக்கென்னவோ இத்தகைய நாடுகளுக்கு மூடிய வகையே மேல் என்று படுகிறது.

கடைசியாக, கட்டணம். லாபமோ நஷ்டமோ, வருடாவருடம் மொத்தப் பணத்தில் ஒரு சதவீதக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 20 வருடத்தில் சுமார் 4 லட்சத்து 66 ஆயிரம். கட்டணம் 2 சதவீதம் போய் 6 சதவீதம் வளர்ந்தால் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம்தான். கட்டணம் 1 சதவீதம் என்றால் எவ்வளவு வரும்? கூட்டு வட்டிச் சூத்திரம் தெரியும்தானே, போட்டுப் பாருங்கள்!

- பதினொன்றாம் வகுப்பு மாணவி, வணிகவியல் பிரிவு