மாட்டுங்காவுக்கு எந்தப் படிவம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் நவி மும்பையின் சான்பாடா தமிழ் வீடுகளில் ஒரே பேச்சு, பெண்ணை எங்கே சேர்ப்பது என்பதுதான். பெண்கள் கல்லூரி என்று முடிவாகிவிட்டால் மாட்டுங்காவின் பெயர் முதலில் வரும். ஹார்பர் லைனில் குர்லா போய் வண்டி மாறினால் போதும். ரஃபி அகமது கித்வாய் சாலையில் மணிபென் எம்.பி. ஷா மகளிர் கல்லூரியும் பி.எம்.என். மனையியல் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கோளாறு மார்க்கில் வருவதைவிட, காதுவழிச் செய்தியை நம்புவதில்தான் அதிகம் வருகிறது.

“மும்பை யுனிவர்சிட்டி தளத்தில் பதிவு செய்தாச்சு, அது போதும்.”

போதாது. மேற்சொன்ன இரண்டும் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அது வேறு பல்கலைக்கழகம், சேர்க்கையும் வேறு. பிரீச் கேண்டியில் உள்ள சோபியா கல்லூரியோ மும்பைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் முயல நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் பதிய வேண்டும்.

“எஸ்.என்.டி.டி. என்றால் சமையலும் தையலும்தானே?”

தோண்டோ கேசவ் கார்வே 1916இல் புனேயில் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகம் பற்றிய சிறு புத்தகம் ஒன்று அவருக்குத் தூண்டுதல். இன்று அதன் ஜுஹு வளாகத்தில் உஷா மிட்டல் நிறுவனத்தில் பி.டெக். இருக்கிறது, பக்கத்திலேயே பார்மசி கல்லூரியும் இருக்கிறது. சமையல் கேலியை இனி விட்டுவிடலாம்.

“டிகிரிக்கு நுழைவுத் தேர்வெல்லாம் கிடையாது.”

பி.ஏ., பி.காம். என்றால் பெரும்பாலும் சரி. ஆனால் பி.பி.ஏ., பி.எம்.எஸ்., பி.சி.ஏ. மூன்றும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்துவிட்டதால், மகாராஷ்டிரத்தில் 2024 முதல் அவற்றுக்கு சி.இ.டி. எழுத வேண்டும். சில கல்லூரிகள் அதே பாடத்துக்கு பி.காம். மேலாண்மை என்று பெயர் மாற்றிக்கொண்டன. பெயரைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

“பெண் குழந்தைகளுக்கு இப்போது எல்லாமே இலவசம்.”

2024 ஜூலையில் வந்த அரசாணையைத்தான் இப்படிச் சுருக்கிவிட்டார்கள். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் ஓ.பி.சி., எஸ்.இ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். பிரிவு மாணவிகளுக்கு, அரசின் பொதுச் சேர்க்கை வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது. ஹாஸ்டல் செலவும் இதில் அடங்காது.

“ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் கையில் இருக்கு, பயமில்லை.”

தமிழர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நெல்லையில் தாசில்தார் கொடுத்த சான்றிதழ் மகாராஷ்டிர மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இதைத் தீர்த்து வைத்த வழக்கே மும்பை வழக்குதான். ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த குடும்பத்துப் பையன், அப்பாவுக்கு ஆர்.சி.எஃப். உர நிறுவனத்தில் வேலை என்பதால் ஒன்பது வயதில் மும்பைக்கு வந்து இங்கேயே படித்தவர். சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடி இடம் கேட்டார். பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி, குடிபெயர்ந்தவர் அதைக் கையோடு கொண்டுவர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பார்வையில், இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கும் இதையே பொருத்துவது கொடுமை. ஆனாலும் சட்டம் அதுதான். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ஊரில் வாங்கிய சான்றிதழ் ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் பயன்படும்.

ஒரு கதவு திறந்திருக்கிறது. எஸ்.சி. என்றால் 1950 ஆகஸ்ட் 10, ஓ.பி.சி. என்றால் 1967 அக்டோபர் 13: அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்து, சாதியும் இந்த மாநிலப் பட்டியலில் இருந்தால் இங்கேயே சான்றிதழ் கேட்கலாம். தாராவியில் தாத்தா காலத்திலேயே தோல் பதனிட வந்த குடும்பங்கள், அவருடைய பள்ளிச் சான்றிதழையோ மாநகராட்சிப் பதிவையோ தேடிப் பார்க்க வேண்டும். சான்றிதழ் கிடைத்தாலும் தொழிற்கல்விக்கு ‘வேலிடிட்டி’ என்ற சரிபார்ப்புச் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெண் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.