பேரன் பேத்தியோட டூரா? வண்டியை நிறுத்தச் சொல்லப் பழகுங்க!

எங்கள் திருமுருகன்பூண்டிக்கு ஒரு பழைய கதை உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னும் பொருளுமாக ஊர் திரும்பிக் கொண்டிருந்த சுந்தரரை, வேடர் வேஷத்தில் வந்த பூதகணங்கள் இங்கேதான் மறித்து எல்லாவற்றையும் பறித்துக் கொண்டன. அவர் கோயிலில் நின்று பதிகம் பாடி முறையிட்ட பிறகுதான் பொருள் திரும்பக் கிடைத்தது என்பார்கள்.

இன்றைக்கும் எங்கள் ஊருக்குப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள், அமெரிக்காவிலிருந்தும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும். கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து அவினாசி ரோட்டைப் பிடித்து வந்து வாசலில் பெட்டியை இறக்குகிறார்கள். பெட்டி பத்திரமாகத்தான் வந்து சேருகிறது. பறிபோவது வேறு. வந்த பத்தாம் நாள் வீட்டில் யாராவது ஒருவர் படுக்கையில்!

போன வருஷங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகன் நான்கு வருஷம் கழித்து, மனைவி, இரண்டு குழந்தைகளோடு பதினாறு நாள் லீவில் வந்தார். வருவதற்கு முன்பே பிளான் ரெடி. குருவாயூர், மதுரை, ராமேஸ்வரம், கொடைக்கானல், ஊட்டி. எட்டு நாள், ஒரு வேன், பதினோரு பேர்.

கிளம்புவதற்கு முன் அந்த அம்மா முழங்காலுக்குத் தைலம் வாங்க என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லித் தைலத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

நாலாம் நாள் ராமேஸ்வரத்தில் அவருக்குக் குளிர் ஜுரம். வேனைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். வந்து சேரும்போது பேச்சுக் குழற ஆரம்பித்துவிட்டது. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். எட்டு நாள் உள்ளே இருந்து பிழைத்து வந்தார். மகனின் மிச்ச லீவு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கழிந்தது.

பிறகு நான் பார்க்கப் போனபோது மகன் சொன்னார்: "அம்மா ஒரு வார்த்தை சொல்லலைங்க டாக்டர்."

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "பையன் வந்ததே பதினாறு நாளுங்க. இதுல நான் வேற அடிக்கொருக்கா வண்டிய நிறுத்துன்னு சொல்லோணுங்களா? அதான் தண்ணியே குடிக்கலைங்க."

விஷயம் இவ்வளவுதான். ஒன்றுக்குப் போக வேண்டுமே என்று நாலு நாள் தண்ணீரை அடக்கியிருக்கிறார். வந்த சிறுநீரையும் அடக்கியிருக்கிறார். தைலம் வாங்க வந்த அன்றைக்கு, "வழியில ஒண்ணுக்கு வந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அடக்கக் கூடாத பதினான்கு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முக்கியமான பாடம் ஒன்று. உடம்பில் பதினான்கு வேகங்கள் உண்டு. அவற்றை அடக்கினால் நோய் வரும். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் ஆகியவையே அவை.

பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பட்டியல்தான். இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்த பிறகு தோன்றுகிறது, குடும்பத்தோடு டூர் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஏன் தெரியுமா? நாள் குறைவு, இடம் அதிகம் என்று பிளான் போட்டால் யாராவது ஒருவர் எதையாவது அடக்கித்தான் ஆக வேண்டும். அடக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். பிள்ளைகளின் சந்தோஷம் கெடக்கூடாதாம்!

ஆகவே எத்தனை ஊர் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். யாரும் எதையும் அடக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிறுநீரும் தாகமும்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நின்றே ஆக வேண்டும். யாரும் கேட்கக் காத்திருக்கக் கூடாது. டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "யாருக்காவது போகணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பாட்டி வாய் திறக்க மாட்டார். மருமகளோ மகளோ "வாங்கத்தை, நானும் போறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயணத்தன்று அதை ரகசியமாக நிறுத்திவிடுவது வழக்கம். இது ஆபத்து. எந்த நேரத்துக்கு மாற்றிச் சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்த டாக்டரையே கேளுங்கள்.

சிறுநீர் எரிச்சலோடு குளிர் ஜுரம் வந்தாலும், வயதானவர்கள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலும் கை வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பசியும் மலமும்

சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு, "அடுத்த ஊரில் நல்ல ஓட்டல் இருக்கு" என்று ஒரு மணி நேரம் தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும். உடனே கொடுக்கச் சர்க்கரையோ குளுக்கோஸோ கையில் இருக்கட்டும். இன்சுலின் எடுத்து வருகிறவர்கள் விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக் கொள்ள வேண்டும். பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

ஊர் மாறினால் மலச்சிக்கல் வரும். காலையில் அவசரப்படுத்தாமல் அரை மணி நேரம் விட்டாலே பாதி சரியாகும். பெரியவர்களுக்கு இரவில் கடுக்காய்ப் பொடி அரை ஸ்பூன் வெந்நீரில் போதும்.

குழந்தைகளுக்கு நேர்மாறு. அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளின் வயிற்றுக்கு நம் தண்ணீர் புதிது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். வெட்டி வைத்த பழம், ரோட்டோர ஜூஸில் போடும் ஐஸ் வேண்டாம். பேதியானால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். மலத்தில் ரத்தம், ஜுரம், சோர்வு இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள். "வயிறு சுத்தமாகட்டும்" என்று வந்த பேரனுக்கு விளக்கெண்ணெய் பேதி கொடுக்காதீர்கள். வந்த மறுநாளே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும் வேண்டாம். நாலு நாள் போகட்டும், உடம்பு ஊருக்குப் பழகட்டும்.

தூக்கம்

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் திருத்திக் கொள்ளும். வந்த மறுநாளே விடிகாலை நாலு மணிக்கு வேனில் ஏற்றினால் அந்த உடம்பு என்ன செய்யும்?

முதல் மூன்று நாள் வீடுதான் டூர். காலை வெயிலில் நடக்க வையுங்கள், பகல் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை எழுந்து "பசிக்குது" என்றால் அதட்டாதீர்கள். அதற்கு அப்போது பகல்! ஆனால் தோசை ஊற்றப் பாட்டியை எழுப்ப வேண்டாம். பாலும் பழமும் எடுத்து வைத்துவிட்டுப் பெற்றவர்கள் விழித்திருங்கள்.

இளைப்பு

சோர்வைத்தான் இளைப்பு என்கிறோம். ஒரு நாள் பயணம், ஒரு நாள் ஓய்வு. இதுதான் சூத்திரம். ஐந்து ஊரில் ஐந்து லாட்ஜ் வேண்டாம். ஒரே ஊரில் மூன்று நாள் தங்குங்கள்.

ஓய்வு நாளில் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா? வேண்டாம். திருப்பூர் பக்கத்திலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும். "பாரு கண்ணு, உன்னை மாதிரியே இதுங்களும் லீவுக்கு வந்திருக்கு" என்று பேரனுக்குக் காட்டலாம். திருமூர்த்திமலை, அமராவதி அணை, கொடிவேரி எல்லாம் காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் தூரம்தான். அவரவர் வீட்டுக் கட்டில், அவரவர் வீட்டு பாத்ரூம். இந்த வசதியின் அருமை முழங்கால் வலிக்காரருக்குத்தான் தெரியும்.

வாந்தியும் சுவாசமும்

மலைக்குப் போகாமல் மனசு கேட்காது. சரி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். புறப்பட அரை மணி முன்னால் இஞ்சிச் சாறு கொஞ்சம் தேனோடு குடிக்கலாம். குமட்டுகிறவர் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கட்டும். வாந்தி வந்தால் அடக்கச் சொல்லாமல் வண்டியை நிறுத்துங்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் உறைபனி விழும். ஆஸ்துமா, நெஞ்சு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. இன்ஹேலர் பெட்டியில் அல்ல, மடியில் இருக்க வேண்டும். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், திடீர் வியர்வை என்றால் "வாயுவாக இருக்கும்" என்று சுக்குக் கஷாயம் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், உடனே 108-க்கு ஃபோன் செய்யுங்கள்.

எப்போது வருவது?

பாதிக் கஷ்டம் தேதியில்தான் இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வளைகுடாவில் ஜூலை, ஆகஸ்ட். அவர்கள் வரும்போது இங்கே அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள் எல்லாம் ஸ்கூலில்! இரு பக்கமும் ஒத்து வருவது டிசம்பர் கடைசி வாரம். அரையாண்டு லீவு, அங்கே கிறிஸ்துமஸ் லீவு, வெயிலும் குறைவு. இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்தால் பொங்கலையும் பார்க்கலாம். அப்போது பனியன் கம்பெனிகளும் லீவு விடும். உள்ளூர் அண்ணன் தம்பியும் கூட வருவார்கள்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

* வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நாலு முதல் ஆறு வாரம் முன்பே அங்குள்ள டாக்டரைப் பாருங்கள். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சொந்த ஊர்தானே என்று அசட்டையாக வருகிறவர்களுக்குத்தான் டைஃபாய்டு அதிகம் வருகிறது.

* ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. பெரியவர்களுக்குக் கீழ் பெர்த் கேளுங்கள்.

* நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் நிலவரம் விசாரியுங்கள். செக்போஸ்ட்டில் காத்திருப்பதும் பெரியவர்களுக்குக் கஷ்டம்தான்.

* எல்லாருடைய மாத்திரைச் சீட்டையும் ஒரே கவரில் போட்டு, மாத்திரைகளைப் பத்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக் கொள்ளுங்கள்.

* ஜுரம் இரண்டு நாள் நீடித்தால் நிலவேம்புக் குடிநீரோடு நிறுத்திவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

* திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் அதற்குத் தடை உண்டு.

* முக்கியமானது இது. பிளான் எழுதி முடித்ததும் பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து, "இதுல எந்த ஊரை எடுத்துடலாம், சொல்லுங்க" என்று கேளுங்கள். "முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்றுதான் சொல்வார்.

கடைசியாகக் கண்ணீர்

பதினான்கில் கண்ணீரும் ஒன்று என்று சொன்னேன் அல்லவா? ஏர்போர்ட் வாசலில் "அழுவாதீங்கம்மா, குழந்தைங்க பார்க்குது" என்று அதட்டுகிறார்கள். ஏன் அடக்க வேண்டும்? அழுது தீர்க்கட்டும். வீட்டுக்குத் திரும்பியதும் அடுத்த ஒரு வாரம் தினமும் ஒரு ஃபோன் செய்யுங்கள். பிள்ளைகள் போன பிறகுதான் பெரியவர்களுக்குச் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது.

நான் சொன்ன அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். அடுத்த முறை மகன் வந்தபோது பிளான் ஒரே ஊர்தான், மூன்று நாள் ஊட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், 46 கிலோமீட்டருக்குக் காலையில் கிளம்பி மதியம்தான் போய்ச் சேரும். அவசரமே தெரியாத வண்டி! வழியெல்லாம் நின்று நின்று போனதாம். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "நான் ஒருக்கா கூட நிறுத்தச் சொல்லலீங்க. அதுவே நிக்குதுங்க!"

உங்கள் வண்டியும் அப்படித் தானாகவே நிற்கட்டும்.