சேமவச்சும் ஹெரால்டு வண்டியும்

மோட்டார் வண்டியைக் குறித்துத் தமிழ்ப் பகுதியில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். வண்டி பேணுதலைப் பற்றிய சிந்தனை நம் மொழிக்குப் புதியதன்று. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக ஒரு பொருளை எடுத்தாள்கின்றார். உப்பு வாணிகராகிய உமணர் தம் வண்டியின் கீழ் மற்றோர் அச்சினைக் கட்டிச் செல்வர். எருதுகள் இளையன, பாரமோ பெரிது, வழியில் மேடு எங்கே பள்ளம் எங்கே என்பதை அறிந்தவர் இலர் ஆதலின், முறியும் அச்சுக்கு மாற்று ஒன்று உடனிருத்தல் வேண்டுமென்பது அவர் கருத்து. அதற்குச் சேமவச்சு என்று பெயர். பழைய கார் ஒன்றை உடைமையாகக் கொண்டவனுடைய கவலை முழுவதும் இவ்வொரு சொல்லுள் அடங்குமென்பது நம் துணிபு.

இனி வண்டியைக் கூறுவாம். பந்தயச் சாயலுடைய பழைய கார்களென்றால் மேனாட்டார் முதலில் நினைப்பனவற்றுள் ட்ரையம்ப் ஸ்பிட்பயர் ஒன்று. 1962இல் வெளிவந்து 1980 வரை செய்யப்பெற்ற அவ்விருக்கை இரண்டுடைய வண்டி, 1959இல் தோன்றிய ஹெரால்டின் இரும்புச் சட்டத்தைக் குறுக்கி, அதன் எஞ்சினைப் பெருக்கி அமைத்ததேயாம். இரண்டிற்கும் உருவம் வகுத்தவர் இத்தாலியராகிய மிக்கெலோட்டி என்பார். நம் நாட்டில் ஸ்பிட்பயர் மிக அரிது. அதன் உடன்பிறப்பாகிய ஹெரால்டோ சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு கம்பெனியாரால் 1961 முதற்கொண்டு செய்யப்பெற்றது. சோழவரத்து விமானத் தளத்தில் நிகழ்ந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியதுண்டு. நான்கு கதவுடைய ஹெரால்டு இந்நாட்டிற்கென்றே அமைக்கப்பெற்றது. 1972இல் அதன் முகம் மாற்றப்பெற்றுக் கசல் என்னும் பெயரோடு வந்தது. 1988இல் அக்கம்பெனியின் கார்த்தொழில் நின்றுபோயிற்று. செய்தவர் இல்லாது போயினர். செய்யப்பட்டது மட்டும் எஞ்சி நிற்கின்றது. சேமவச்சினை இனி யார் தருவார் என்னும் வினா அன்று முதல் எழுந்தது.

கீரமங்கலம் போன்ற ஊரில் ஒரு ஹெரால்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆலங்குடி வட்டத்து இவ்வூர், பூவுக்கும் பலாவுக்கும் தென்னைக்கும் பெயர்பெற்றது. பொழுது புலருமுன் முல்லையும் கனகாம்பரமும் ஏற்றிய வேன்கள் விரையுஞ் சாலையில் முப்பத்தைந்து குதிரைத்திறன் அளவேயுள்ள 948 சி.சி. எஞ்சினோடு நம் பழங்கார் செல்லுதல் வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. இருபத்தைந்தடி வட்டத்துள் திரும்பவல்லது ஹெரால்டு. தோப்புக்கு நடுவேயுள்ள குறுகிய வழிகளில் புதுக்கார்கள் பின்வாங்கி முன்வாங்கித் திணறும் இடத்தில் இஃது ஒரே வீச்சில் திரும்பிவிடும். முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து எஞ்சினையும் முன்சக்கரங்களையும் வெளிப்படுத்துதலால் மெக்கானிக்குக்குக் கைபுகாத இடமென்பது இல்லை. புதிய வண்டி நின்றுவிட்டால் கணிப்பொறியைச் செருகி நோயறிய வேண்டும். இதற்கோ திருப்புளியும் உப்புத்தாளும் பல வேளைகளிற் போதும்.

ஆயினும் அறியாமை இவ்வண்டியைக் கொல்லும். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத்தண்டின் அடிமுனை, திருகு மரையாய், ட்ரனியன் எனப்படும் பித்தளை உறுப்பினுள் அமைந்து திரும்புகின்றது. அவ்விடத்துக்கு வேண்டுவது கனமான கியர் எண்ணெய். கிரீஸ் அன்று. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. உள்ளே நீர் தங்கித் துருவேறும். ஒருநாள் வளைவில் திரும்புங்கால் தண்டு ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். எல்லா வண்டிக்கும் கிரீஸே மருந்து என்னும் எண்ணம் நம் பட்டறைகளில் வேரூன்றிய ஒன்றாதலின் இதனை விரித்தோம். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை எண்ணெய் ஏற்றுவது ஒரு மணி நேரத்து வேலையே. பின்னச்சும் அறியத்தக்கது. இடமும் வலமும் தனித்தனியே ஊசல்போல் ஆடும் அமைப்பாதலால், வளைவிற் புகுந்தபின் திடீரென வேகத்தைத் தளர்த்தினால் பின்சக்கரம் உள்மடங்கி வண்டி புரளக்கூடும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். கசலில் இவ்வமைப்பு நீக்கப்பெற்றது.

எண்ணெயைப் பற்றி இன்னொன்று. ஈயங்கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு இந்நாட்டில் ஒழிந்தது. காற்றுக்கு அது பெருநன்மை. ஆனால் பழைய வால்வுகளின் இருக்கைகளைத் தேயாமற் காத்துவந்தது அவ்வீயமே. எஞ்சின் தலையைக் கழற்றுங் காலம் வரும்போது கடினமான எஃகு இருக்கைகளைப் பதித்துக்கொள்வது அறிவுடைமை. 2025இல் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிற்று. அது பழைய ரப்பர்க் குழாய்களை மென்மையாக்கி வெடிக்கச் செய்யும், ஈரத்தையும் ஈர்க்கும். குழாய்களையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் மாற்றுதல் சில நூறு ரூபாய்ச் செலவு. மாற்றாதிருப்பின் சூடேறிய எஞ்சின்மேற் பெட்ரோல் சொட்டும். அதன் பயனைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிற்க. இன்ஷூரன்ஸ் என்பதை வெறுங் காகிதமென்று கருதுவோர் பலர். 1946 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் பிறர்க்கு நேருந் தீங்கிற்கு ஈடுசெய்யும் இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. அது வழிப்போக்கனைக் காப்பது, வண்டியை அன்று. 2022 ஜூன் மாதத்தில் ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு அதன் ஆண்டுக்கட்டணம் வரி நீங்கலாக 2,094 ரூபாயென விதிக்கப்பெற்றது. பழம்பொருள் வண்டியாகப் பதிவு பெற்றதற்கு அதிற் பாதி தள்ளுபடி. எனவே 1,047 ரூபாய். இம்மட்டோடு நின்றவர்களுக்கு 2018 நவம்பரில் கஜா புயல் பாடங் கற்பித்தது. கீரமங்கலத்துச் சுற்றுவட்டத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கொட்டகையில் நின்ற காரின்மேல் மரம் விழுமாயின், கட்டாய இன்ஷூரன்ஸ் ஒரு காசும் தாராது. புயல், வெள்ளம், தீ, களவு இவற்றை ஏற்பது முழு இன்ஷூரன்ஸே.

முழு இன்ஷூரன்ஸ் எடுத்தால் மட்டும் அமையுமோ? இங்கேதான் நுட்பம் உளது. ஐந்து ஆண்டுகள் வரை வண்டியின் மதிப்பு இவ்வளவு குறையுமென்று பட்டியல் உண்டு. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு, கம்பெனியும் உடையவனும் ஒத்துக்கொள்ளும் தொகையே மதிப்பு. கட்டணம் குறையட்டுமென்று ஐம்பதாயிரம் என எழுதிக்கொடுப்பவன் தன் கையாலேயே தன் வண்டியை அழிக்கின்றான். எங்ஙனமெனின், பழுதுபார்க்கும் செலவு ஒத்துக்கொண்ட மதிப்பில் முக்கால் பங்கைக் கடந்தால் வண்டி முழுதும் அழிந்ததாகவே கணக்கிடப்படும். ஐம்பதாயிரத்தில் முக்கால் பங்கு 37,500. மரம் விழுந்து நசுங்கிய கூரையையும் கண்ணாடியையும் சீராக்க நாற்பதாயிரம் ஆகுமாயின், நல்ல எஞ்சினும் நல்ல சட்டமும் உடைய கார் கணக்கிலே பிணமாகிவிடும். இரண்டு இலட்சமென மதிப்பிட்டிருந்தால் அதே காயம் காயமாகவே நின்று ஆறும். ஆனால் அப்போதும் பத்தாண்டு கடந்த வண்டியின் இரும்பு உறுப்புக்களுக்குப் பாதி விலையே கிடைக்கும், ரப்பருக்கும் பாதியே, கண்ணாடிக்கு மட்டும் குறைவில்லை. ஆகவே உரிய மதிப்பை நாட்டுதற்குச் சான்று வேண்டும். நான்கு பக்கமும் அடிப்புறமும் எடுத்த படங்கள், பட்டறை ரசீதுகள், மதிப்பீட்டாளர் எழுத்து ஆகியன ஒரு கோப்பில் இருத்தல் வேண்டும். அக்கோப்பும் ஒரு சேமவச்சே. அது வீட்டில் இருக்கட்டும். காரினுள் வைப்பார் சிலர்!

பதிவைப் பற்றிய விதி நம்மைச் சிறிது வருத்துகின்றது. 2021 ஜூலை 15இல் மத்திய அரசினர் விதித்தபடி, ஐம்பது ஆண்டு கடந்து, பழைய உருவிலேயே பேணப்பெறும் வண்டிக்குப் பழம்பொருளென்னும் தனிப்பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும்; புதுப்பிக்க 5,000. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்த்தல் இவற்றிற்கன்றி அதைச் சாலையில் ஓட்டலாகாது. அங்ஙனமாயின் ஹெரால்டிலேயே மனைவி மக்களைத் திருமணத்திற்கு அழைத்துச் செல்பவன் என் செய்வான்? அவன் பொதுப்பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 2025 ஆகஸ்டில், இருபதாண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாயும், அயல்நாட்டிலிருந்து வந்ததற்கு 80,000 ரூபாயும் விதிக்கப்பெற்றன. புகையையும் விபத்தையும் குறைக்க எண்ணிய அரசினரை நாம் குறைகூறோம். எனினும் மாளிகையில் துணிபோர்த்து நிற்கும் வண்டிக்கு இவ்விதி எளிதாயும், நாள்தோறும் உழைக்கும் வண்டிக்கு அரிதாயும் இருத்தலை மறைத்தல் இயலாது. வண்டி ஓடினால்தான் பிரேக்கின் உருளைகள் இறுகாமலும் பாட்டரி சாகாமலும் இருக்கும். ஓடாது நின்றதனாற் கெட்ட பழங்கார்களே மிகுதி.

வாங்க விழைவோர் வண்ணத்தைக் கண்டு மயங்கற்க. ஹெரால்டின் மேற்கூடு துண்டு துண்டாகப் போல்ட்டு வைத்துப் பூட்டப்பெற்றது. அதை மாற்றலாம், வேறொரு வண்டியிலிருந்தும் கொணரலாம். அடியிலுள்ள சட்டமே உயிர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சட்டத்தினின்று பக்கவாட்டில் நீளும் கைகளைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்தாலோ, தார் பூசிய இடம் பொருபொருவென்று உதிர்ந்தாலோ, விலையிற் பாதியை வெல்டிங் பட்டறைக்கென்று ஒதுக்கிக்கொண்டே பேச்சைத் தொடங்குக. பின்பு எஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று நோக்குக. பழங்கார் பலவற்றில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கும். அம்மாற்றம் புத்தகத்தில் ஏறாதிருந்தால், பின்னர் இழப்பீடு கேட்குங்கால் கம்பெனியார் முதலில் கைவைப்பது அவ்விடத்திலேதான்.